சுவரொட்டியில் வலது பக்கம் நிற்பவர்

என் அக்காவின் கணவரைப் பார்த்த மாத்திரத்தில் யாரும் ‘சார்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஒல்லியான உடம்பு, படிய வாரிய தலை, மூக்கின் நுனியில் கண்ணாடி, கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவர்கள் தங்கள் பிள்ளைக்குக் கணக்கே வரவில்லை என்று அவரிடம் புலம்பிவிட்டு இறங்கிப் போவார்கள். நாங்கள் வேலை பார்க்கும் சலவைக்கூடத்தில் அவருக்கு ‘வாத்தியார்’ என்றே பெயர். உண்மையில் மாமா பள்ளிக்கூடத்துப் பக்கம் சிறுவயதுக்கு அப்புறம் போனதில்லை. போனது ஜெயிலுக்கு.

இதைச் சொல்லும்போது இப்போதும் என் குரல் தானாகத் தணிகிறது. சாக்கடைத் தண்ணீர் யார் வாசல் வழியாகப் போவது என்று பக்கத்து வீட்டுக்காரரோடு வாய்த்தகராறு. வார்த்தை முற்றி, மாமா அவரை ஒரு தள்ளு தள்ளினார். அந்த மனிதர் படிக்கட்டில் பின்மண்டை மோத விழுந்தார். எழுந்திருக்கவே இல்லை. அதற்கு முன்னால் மாமா யாரையும் தள்ளியதில்லை, அதற்கு அப்புறமும் இல்லை. கோர்ட்டில் அவர் எதையும் மறுக்கவில்லை. கறுப்புத் தலையோடு உள்ளே போனவர் நரைத்த தலையோடு வெளியே வந்தார்.

வெளியே வந்தவர் முழுசாக வந்தார் என்று சொல்ல முடியாது. சாத்திய கதவுக்கு முன்னால் நின்றால் நின்றபடியே இருப்பார். யாராவது திறந்து ‘வாங்க’ என்று சொல்ல வேண்டும். நடக்கும்போது இரண்டு கையும் தானாக முதுகுக்குப் பின்னால் போய்விடும். தன் சொந்த வீட்டில் அக்காவிடம் போய், “குளிச்சிக்கட்டுமா?” என்று கேட்பார். முதலில் அக்கா அழுதாள். பிறகு, “போய்க் குளிங்க சாமி, தண்ணி ஆறுது” என்று அதட்டப் பழகிக்கொண்டாள்.

அவர் வந்த பிறகு மூன்று வீடு மாறினோம். நானும் அக்காவோடுதான் இருக்கிறேன் என்பதால் மூன்று முறையும் கட்டில் தூக்கியவன் நான். ஒவ்வொரு வீட்டிலும் கொஞ்ச நாள் நன்றாகப் போகும். அப்புறம் யாரோ ஒரு தூரத்துச் சொந்தம் வருவார், போகிற வழியில் வீட்டுக்காரரிடம் நலம் விசாரிப்பதுபோல விஷயத்தைப் போட்டுவிட்டுப் போவார். மறுநாள் வீட்டுக்காரரின் மகனுக்குத் திடீரென்று வீடு தேவைப்படும். யாரும் வாய்விட்டுத் திட்டியதில்லை. எல்லாரும் மிகுந்த மரியாதையோடுதான் துரத்தினார்கள். மூன்றாவது தடவை சாமான் கட்டும்போது அக்கா சமையலறைத் தரையில் உட்கார்ந்து, “இதோட சரி. இன்னொரு தடவை என்னால மூட்டை கட்ட முடியாது. அப்படி ஒண்ணு வந்தா நான் இந்த வாசல்லயே உக்காந்து உயிர விடறேன்” என்றாள். அவள் சும்மா மிரட்டுகிறவள் இல்லை. அதனால் அந்த நாளிலிருந்து எனக்கு ஒரே வேலைதான்: மாமா எங்கே இருந்து வந்தவர் என்பது நான்காவது வீட்டில் யாருக்கும் தெரியக் கூடாது.

சலவைக்கூடத்தில் அவரைச் சேர்த்துவிட்டதும் நான்தான். ஆஸ்பத்திரிகளிலிருந்து அழுக்குத் துணியை வேனில் ஏற்றி வந்து, வெளுத்ததைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. முதலாளியிடம் மாமா கப்பலில் வேலை பார்த்தவர் என்று சொல்லிவைத்தேன். கப்பலைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. நல்லவேளை, முதலாளிக்கும் தெரியாது. மாமா மடிப்பு மேசையில் நின்று படுக்கை விரிப்புகளை மடித்தார். மூலைக்கு மூலை அப்படிப் பொருந்தும். இவ்வளவு ஒழுங்காக எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று யாராவது கேட்டால் நான் நடுவில் புகுந்து கப்பலை ஓட்டுவேன்.

அங்கே அவருக்கு ஒரே ஒரு சிநேகிதர் உண்டு. பாய்லர் அண்ணன். வெந்நீர்க் கொதிகலனைப் பார்த்துக்கொள்கிறவர். ஆளைப் பார்த்தால் எதிரில் வருகிறவர்கள் தெருவின் மறுபக்கம் போய்விடுவார்கள்: கதவை அடைக்கும் உடம்பு, முறுக்கு மீசை, இடது புருவத்தைப் பிளந்துகொண்டு ஒரு தழும்பு. தழும்பு சின்ன வயதில் ஊஞ்சல் பலகை பட்டதால் வந்தது. மனிதர் கரப்பான்பூச்சியைக் கண்டால் மேசைமேல் ஏறிவிடுவார். நாள் முழுக்கக் கொதிகலன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கர்ணகடூரமாகப் பாடுவார். மத்தியானம் மாமாவும் அவரும் ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள். அவருக்கும் மாமாவின் கதை தெரியாது.

இப்படி இருக்கும்போதுதான் முதலாளி ஒரு நாள் கையைத் தட்டி எல்லாரையும் கூப்பிட்டு, “நம்ம இடத்துல ஒரு நல்ல காரியம் நடக்கப்போவுது” என்றார். சிறையிலிருந்து விடுதலையானவர்களைச் சமுதாயம் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒரு பிரச்சாரமாம். அதற்கு ஊர் முழுக்கச் சுவரொட்டி. படம் எடுப்பது எங்கள் சலவைக்கூடத்தில். ‘மனம் திருந்தியவருக்கு மனம் திறப்போம்’ என்பது வாசகம். நான் மாமாவைப் பார்த்தேன். அவர் கையிலிருந்த விரிப்பை மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்.

பிரச்சாரத்து மேடமும் ஒரு போட்டோக்காரரும் வந்தார்கள். மேடம் நல்ல மாதிரிதான், அதில் குறை சொல்ல மாட்டேன். அவருடைய குரலில் எப்போதும் ஒரு கருணை வழிந்துகொண்டே இருந்தது. எங்களையெல்லாம் வரிசையாக நிற்கவைத்து முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அவர் பார்வை மாமாவை நெருங்கிக்கொண்டே வந்தது. இவர் ஆயிரம் கைதிகளைப் பார்த்திருப்பாரே, ஒரு பார்வையில் பிடித்துவிடுவாரே என்று பயந்தேன். அவர் மாமாவைத் தாண்டிப் போய் பாய்லர் அண்ணன் முன்னால் நின்றார்.

“இவர்தான்!” என்றார் மேடம். “தேடிக்கிட்டிருந்த முகம் இதுதான்.”

“எதுக்குங்க?” என்றார் பாய்லர் அண்ணன் திருதிருவென்று விழித்தபடி.

“விடுதலையாகி வந்தவரா நீங்க நடிக்கணும். சும்மா நின்னா போதும்.”

போட்டோக்காரர் கேமராவைத் துடைத்துக்கொண்டே, “நெசமாவே உள்ள இருந்து வந்தவங்களையே நிக்க வெச்சிருக்கலாமே மேடம்” என்றார்.

“ரெண்டு பேரப் பாத்தோம். பாத்தா அப்படித் தெரியவே மாட்டேங்குது. ஜனங்களுக்குப் புரியாது.”

பிறகு பாய்லர் அண்ணனின் சட்டையில் மேல் பொத்தான்களைக் கழற்றினார்கள். தலையைக் கலைத்தார்கள். முன்கையில் பேனாவால் ஒரு தேள் வரைந்தார்கள். “கண்ணுல கொஞ்சம் கோவம் வேணும், ஆனா திருந்தின கோவமா இருக்கணும்” என்றார் மேடம். பாய்லர் அண்ணன் முயன்று பார்த்தார். பல்வலி வந்தவர்போல இருந்தது. பெண்கள் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆபத்து தாண்டிப் போய்விட்டது என்று நினைத்தேன்.

“இவர் கையப் பிடிச்சு வரவேற்கிற நல்ல மனுஷர் ஒருத்தர் வேணுமே” என்று மேடம் திரும்பினார். சலவைக்கூடமே ஒரே குரலில், “நம்ம வாத்தியார்!” என்றது.

மாமா வேண்டாம் என்று தலையாட்டினார். முதலாளி, “என்ன வாத்தியாரே, நல்ல காரியத்துக்குக் கூச்சப்படலாமா?” என்று தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார். மறுக்க ஒரு காரணம் வேண்டும். எங்களிடம் இருந்த ஒரே காரணத்தை வெளியே சொல்ல முடியாது.

“சார், சும்மா வெளிச்சம் பாக்கணும், அந்தச் சுவத்து ஓரமா நில்லுங்க” என்றார் போட்டோக்காரர்.

மாமா போனார். குதிகால் இரண்டும் சுவரை ஒட்ட, கைகளைப் பின்னால் கட்டி, தாடையை நிமிர்த்தி நின்றார். முகத்திலிருந்து எல்லாம் வடிந்துவிட்டது. ‘வலது பக்கம் திரும்புங்க’ என்று போட்டோக்காரர் சொல்லி வாயை மூடவில்லை, விசை போட்டதுபோலத் திரும்பிப் பக்கவாட்டில் நின்றார். யாரும் சொல்லாமலே இடது பக்கமும் திரும்பினார்.

“அடேங்கப்பா, எவ்வளவு கச்சிதமா நிக்கறார் பாருங்க!” என்றார் போட்டோக்காரர். “இதுக்கு முன்னாடி இப்படி நின்னு பழக்கமா சார்?”

மாமாவின் உதடு அசைந்தது. கேட்டால் பதில் சொல்லிப் பழகிய மனிதர், சொல்லிவிடுவார் என்று தோன்றியது. “அவர் கல்யாண போட்டோவுலயும் இப்படித்தான் நின்னார், எங்க அக்கா இன்னைக்கும் சொல்லிச் சொல்லித் திட்டறா!” என்று கத்தினேன். எல்லாரும் சிரித்தார்கள்.

சுவரொட்டி வந்தது. இடது பக்கம் நிழலில் தலை குனிந்து பாய்லர் அண்ணன், கையில் தேள். வலது பக்கம் வெளிச்சத்தில் வெள்ளைச் சட்டையோடு மாமா, அவர் கையைப் பற்றியபடி. பஸ் நிறுத்தம், மேம்பாலத் தூண், ஆஸ்பத்திரி வாசல் என்று பார்த்த இடமெல்லாம் அந்த முகம். மூன்று வீட்டுக்காரர்கள், ஒரு தெரு நிறையப் பழைய அக்கம்பக்கம், ஜெயிலில் கூட இருந்து வெளியே வந்தவர்கள், செத்தவரின் சொந்தபந்தம் என்று இத்தனை பேரில் ஒருவர் பார்த்தால் போதும். அக்கா அதை முதன்முதலில் பார்த்த அன்று கடைக்குப் போன பையோடு திரும்பி வந்து, கதவைத் தாழ்போட்டு, படுத்துக்கொண்டாள். வேன் ஓட்டிப் போகும்போது, மழை வந்து இந்தக் கண்ணராவியெல்லாம் கிழிந்து தொலையாதா என்று ஒவ்வொரு தூணையும் சபித்தேன். மழை வந்தது. அது நல்ல காகிதம், ஒரு மூலைகூடப் பிரியவில்லை.

ஒரு சாயங்காலம் நானும் மாமாவும் பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். கம்பியைப் பிடித்து நின்ற ஒருவர் மாமாவையே முறைத்துக்கொண்டிருந்தார். நான் பார்த்ததும் பார்வையை மாற்றினார், மறுபடி பார்த்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தார். மாமா என் மணிக்கட்டைப் பிடித்தார். நகம் பதிந்தது.

“நீங்க... அவர்தானே?” என்றார் அந்த ஆள்.

நாங்கள் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

“போஸ்டர்ல இருக்கற நல்லவர்! எப்படி சார் அந்த மாதிரி ஆளு கையப் புடிக்க மனசு வந்துச்சு? எனக்குப் படத்துல பாத்தாலே நடுங்குது.”

மாமா கும்பிடாத குறையாகச் சிரித்தார். அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி மீதி தூரத்தை நடந்தோம். வழியெல்லாம் அவர் கைகள் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தன. நானும் எடுத்துவிடவில்லை.

நாங்கள் எங்களுக்காகப் பயந்துகொண்டிருக்க, இடி விழுந்தது பாய்லர் அண்ணன் தலையில். அவர் தெருவில் பெண்கள் அவரைக் கண்டால் பையை மார்போடு அணைத்துக்கொண்டார்களாம். அவர் மனைவி குழாயடிக்குப் போனால் பேச்சு நின்றுவிடுமாம். ‘அது நடிப்புங்க’ என்று அவர் சொல்லிப் பார்த்திருக்கிறார். ‘உள்ள போய்ட்டு வந்தவன் எவன் ஒத்துக்குவான்’ என்று அதையே சாட்சியாக்கிக்கொண்டார்கள். கடைசியில் அவர் வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டார். பாய்லர் அண்ணன் முதலாளியிடம் போய்க் கெஞ்சினார். முதலாளி, “நாமளே அது நடிப்புன்னு வெளிய போய்ச் சொன்னா பிரச்சாரம் எப்படி எடுபடும்? நல்ல காரியத்துக்குக் கொஞ்சம் பொறுத்துக்கோப்பா” என்று அனுப்பிவிட்டார்.

அன்று மத்தியானம் பாய்லர் அண்ணன் சாப்பாட்டைத் திறக்கவில்லை. “வாத்தியாரே, நீங்க ஒரு வார்த்தை வந்து சொல்லணும். உங்க முகத்துக்கு நம்புவாங்க. என் முகத்துக்கு எதுவும் நடக்காது” என்றார். அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கியது. அன்று முழுக்கக் கொதிகலன் அறையிலிருந்து பாட்டுச் சத்தம் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் மாமாவிடம் சண்டைக்குப் போனேன். “போகாதீங்க மாமா. வீட்டுக்காரன்னா நோண்டி நோண்டிக் கேப்பான். உங்களுக்குப் பொய் வராது. ஒரு வாய் தவறினா நாம நாலாவது தடவை தெருவுல நிக்கணும்.”

மாமா அக்காவைப் பார்த்தார். குளிக்கக் கேட்பதுபோலத்தான் கேட்டார்: “போகட்டுமா?”

அக்கா, “போங்க. பாய்லர் அண்ணன் சம்சாரம் மூட்டை கட்டறத நெனச்சா எனக்குச் சோறு எறங்கல. ஆனா உங்க கதைய மட்டும் வாயத் தெறந்துடாதீங்க” என்றாள். என் பக்கம் திரும்பி, “நீயும் கூடப் போடா” என்றாள்.

பாய்லர் அண்ணனின் வீட்டுக்காரர் மாடியில் இருந்தார். ஏதோ அலுவலகத்தில் ஓய்வுபெற்றவர். மாடிப்படி முடிகிற இடத்தில் புதிதாக ஓர் இரும்புக் கதவு போட்டிருந்தார், பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை. அது பாதி திறந்துதான் இருந்தது. பாய்லர் அண்ணன் உள்ளே போய்விட்டார். மாமா அந்தக் கம்பிக் கதவின் முன்னால் நின்றுவிட்டார். நான் முழங்கையால் இடித்தேன். அசையவில்லை. இடுப்பில் இன்னொரு இடி இடித்தேன்.

“ஏன் சார் வெளியவே நிக்கறீங்க? உள்ள வாங்க” என்று வீட்டுக்காரர் எழுந்து வந்தார். மாமாவைக் கூர்ந்து பார்த்தார். “உங்களை எங்கயோ... அட, போஸ்டர்ல இருக்கறவர்! வாங்க வாங்க.” எங்களுக்கு நாற்காலி போட்டார். பாய்லர் அண்ணனை நிற்கவைத்தே விட்டார்.

மாமா பாடம் ஒப்பிப்பதுபோல, “இவர் ஜெயில் வாசலக்கூடப் பாத்ததில்லைங்க. படத்துக்காக நிக்க வெச்சாங்க. அவ்வளவுதான்” என்றார்.

“நடிக்கறதுக்குன்னு ஆளுங்க இல்லையா சார்? குறிப்பா இவன ஏன் கூப்பிட்டாங்க? ஏதாவது இருக்கப்போயித்தானே?”

“ஒண்ணும் இல்லைங்க. தெனமும் இவரோட உக்காந்துதான் சாப்பிடறேன், நிச்சயமாச் சொல்றேன்.”

“அவ்வளவு நிச்சயமா உங்களுக்கு எப்படித் தெரியும்?”

மாமாவுக்குக் கேள்வி என்றால் உண்மையான பதில் சொல்லியாக வேண்டும். “இவர் கதவச் சாத்திக்கிட்டு உள்ள உக்காந்து வேலை பாப்பார். சாத்தின கதவுக்குள்ள பாட்டு வருது இவருக்கு. உள்ள இருந்துட்டு வந்தவங்களுக்கு வராதுங்க” என்றார்.

வீட்டுக்காரர் தலையைச் சாய்த்து, “உள்ள இருந்தவங்களப் பத்தி உங்களுக்கு இவ்வளவு எப்படி சார் தெரியும்?” என்றார்.

என் கண் முன்னால் அக்கா வாசலில் உட்கார்ந்திருந்தாள். “பிரச்சாரத்துல ஒரு நாள் பூரா வகுப்பு எடுத்தாங்க சார்!” என்றேன். குரல் கிறீச்சிட்டது. “எங்க எல்லாருக்கும் எடுத்தாங்க. இவர் ஒருத்தர்தான் தூங்காம கேட்டவர்.”

வீட்டுக்காரர் சிரித்தார். அவர் தோள்கள் தளர்ந்தன. “பாத்தாலே தெரியுது, பொய் சொல்ற முகம் இல்ல உங்களுது” என்றார். நான் எழுந்திருக்கத் தயாரானேன். அப்போது அவர் குரலைத் தணித்து, “ஒண்ணே ஒண்ணு சார். போஸ்டருக்காகச் சொல்லாதீங்க, மனசத் தொட்டுச் சொல்லுங்க. நெசமாவே உள்ள இருந்துட்டு வந்த ஒருத்தன் வீடு கேட்டு வந்தா, நீங்க குடுப்பீங்களா?” என்றார்.

பாய்லர் அண்ணன் மாமாவையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் தரையைப் பார்த்தேன். மாமா கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

“மாட்டேங்க” என்றார்.

வீட்டுக்காரர் தொடையில் தட்டினார். “இது பேச்சு! இப்ப நம்பறேன் சார். உங்கள மாதிரி ஒருத்தரே அப்படிச் சொல்றீங்கன்னா, இவன் அந்த மாதிரி ஆளா இருந்தா இவன்கூட உக்காந்து சாப்பிடுவீங்களா?” என்று சொல்லி, பாய்லர் அண்ணன் பக்கம் திரும்பி முதல்முறையாக, “உக்காருப்பா” என்றார். காலி பண்ண வேண்டாம் என்றார். படியிறங்கும்போது பாய்லர் அண்ணன் எங்கள் இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார். எலும்பு நொறுங்காதது அதிசயம்.

வழியெல்லாம் நான் குதித்துக்கொண்டு வந்தேன். தப்பித்த சந்தோஷம் தலைக்கேறிவிட்டது. “பின்னிட்டீங்க மாமா! அந்த ‘மாட்டேங்க’ இருக்கே, சத்தியமா நானே நம்பிட்டேன். பொய் வராதுன்னு உங்களச் சொன்னது என் தப்பு” என்றேன். அவர் கைகளைப் பின்னால் கட்டியபடி நடந்தார்.

வீட்டில் அக்கா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நான் நடந்ததையெல்லாம் நடித்தே காட்டினேன். வீட்டுக்காரர் கேட்ட கடைசிக் கேள்வியையும் மாமா சொன்ன பதிலையும் சொன்னபோது அக்கா சிரிக்கவில்லை.

“நல்லதுதான். தப்பிக்கணும்னா சொல்லித்தானே ஆகணும்” என்றாள்.

“தப்பிக்கறதுக்குச் சொல்லல” என்றார் மாமா.

செருப்பைக் கழற்றாமல் வாசற்படிக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தார். “அவர் மனசத் தொட்டுச் சொல்லச் சொன்னார். தொட்டுப் பாத்தேன். ஒருத்தன் வந்து வீடு கேக்கறான்னு நெனச்சேன். வந்து நின்னது நான் இல்ல. போஸ்டர்ல இருக்கற அந்த ஆளு, கையில தேளோட. எனக்குப் பயமா இருந்துச்சு. கூட உக்காந்து சாப்பிடற மனுஷன், அவர் முகந்தான் அதுன்னுகூடத் தோணல. குடுக்க மாட்டேன்னுதான் தோணுச்சு, நெசமாவே.”

ஏதாவது கேலி பேசி மழுப்பலாம் என்று வாயைத் திறந்தேன். அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள்.

அக்கா அவர் முன்னால் வந்து நின்றாள். கோபமாகத்தான் இருந்தாள்.

“அந்த வீட்டுக்காரர் கேட்டப்ப போஸ்டரப் போயி ஏன் நெனச்சீங்க? என்னை நெனச்சிருக்கலாமே. உள்ள இருந்து வந்த ஒருத்தருக்கு நான் வீடு குடுத்தேனே!”